பொறிவண்டு என்று சொன்னவர்

அவளை எல்லாரும் லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதன் முனையில் மடக்கி வைக்கிற பூதக்கண்ணாடி. குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று நாங்கள் கேலி செய்வோம். காய்கறி விவசாயிகள் சங்கத்தில் அவள் பூச்சி ஆலோசகர். நான் அதே சங்கத்துக் கொட்டகையில் காய் தரம் பிரிக்கிறவள். அவளுக்கு நடந்ததையும் அவள் செய்ததையும் பாதி பக்கத்தில் இருந்து பார்த்தேன், மீதியை அவளே சொன்னாள். சொல்லும்போது தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஒரு வார்த்தைகூட அவள் கூட்டவில்லை. நானும் கூட்டப் போவதில்லை.

சங்கத்துக்கு வருவதற்கு முன்பு அவள் ஒரு பெரிய பண்ணையில் இருந்தாள். வரிசையாக வலைக்கூடாரங்கள், உள்ளே குடைமிளகாய். பூச்சியியல் படித்து முடித்த கையோடு போய்ச் சேர்ந்த வேலை. அவள் புருஷனும் அங்கேதான். சொட்டுநீர்க் குழாய் பதிப்பது, அடைப்பு எடுப்பது அவர் வேலை. குழாயில் காதை வைத்தே எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவாராம். இரண்டு பேரும் அங்கேதான் பழகினார்கள், அங்கே வேலை பார்த்துக்கொண்டேதான் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

மருந்தடிக்கிற ஆட்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் கழுத்தில் விசில். வேலை தொடங்க ஒரு ஊதல், சாப்பாட்டுக்கு ஒரு ஊதல், இரண்டு பேர் நின்று பேசினால் நீளமாக ஒரு ஊதல். ஆட்கள் அவரை விசில்காரர் என்றார்கள். கூடாரத்துக்குள் மருந்தடிப்பதற்கு முன்பு மூன்று முறை ஊத வேண்டும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது பண்ணையின் சட்டம்.

லென்ஸ் அங்கே மருந்தைக் குறைக்கப் பார்த்தாள். குடைமிளகாயைத் துளைக்கிற புழுவைத் தின்பதற்கென்றே ஒரு பூச்சி இருக்கிறது. அது மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம், நாவாய்ப்பூச்சி என்பார்கள். அதைப் பெட்டியில் வளர்த்துக் கூடாரத்துக்குள் விட்டிருந்தாள். அதன் குஞ்சு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. சிவப்பும் கறுப்புமாக, உருண்டையாக இருக்கும். பார்த்த மாத்திரத்தில் யாரும் வண்டு என்றுதான் சொல்வார்கள்.

வண்டு இல்லை என்று எப்படித் தெரியும் என்று நானே ஒருமுறை அவளைக் கேட்டிருக்கிறேன். வண்டு குழந்தையாக இருக்கும்போது வண்டாகவே இருக்காது, புழுவாக இருக்கும் என்றாள். கூட்டுக்குள் போய் உருமாறி வெளியே வரும்போதே முழு வண்டுதான், அப்புறம் இம்மியும் வளராது. நாவாய்ப்பூச்சி அப்படி இல்லை. முட்டையை விட்டு வரும்போதே ஆறு காலோடு, அப்பன் ஆத்தாள் மாதிரியே வரும். தோலை உரித்து உரித்துப் பெரிதாகும், சிறகு கடைசியில்தான் முளைக்கும். அதனால் குட்டி குட்டியாக, ஒன்று சின்னது ஒன்று பெரியது என்று ஒரே சாயலில் கூட்டமாகத் திரிந்தால் அது வண்டுக் கூட்டம் இல்லை. இன்னும் சந்தேகம் இருந்தால் முதுகைப் பார்க்க வேண்டும். வண்டுக்குச் சிறகை மூடியிருக்கிற இரண்டு ஓடும் சேருகிற இடத்தில், சட்டையின் பொத்தான் பட்டை மாதிரி, நடுவில் ஒரு நேர்கோடு ஓடும். குஞ்சுக்கு அது கிடையாது. பிறகு புரட்டிப் போட வேண்டும். வண்டின் வாயில் கத்தரிக்கோல். இதற்கோ வயிற்றோடு மடித்து வைத்த ஊசி. ஊசி தடித்திருந்தால் அது புழுவைக் குத்துகிற சாதி, மெலிந்திருந்தால் செடியைக் குத்துகிற சாதி. அவ்வளவுதான் என்றாள். என் கண்ணுக்குக் கடைசி வரை ஊசி தெரியவில்லை, தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

ஒரு நாள் அவள் புது முட்டைப் பெட்டிகள் வாங்க நகரத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து விசில்காரர் ஐந்தாம் கூடாரத்துக்குள் நுழைந்தார். இலையெல்லாம் சிவப்புப் புள்ளி. வண்டு ஏறிவிட்டது, இன்றைக்கே அடித்தாக வேண்டும் என்று முடிவு செய்தார். அவள் வரட்டும் என்று யாரோ சொன்னதற்கு, அந்தம்மா வருகிற வரைக்கும் வண்டு காத்திருக்குமா என்றாராம். பக்கத்துத் திரைகளை இறக்கி, கதவை மூடி, கடுமையான மருந்தைப் புகையாக அடித்தார்கள். விசில் ஊதவில்லை.

உள்ளே, கோடிப் பாத்தியில், செடிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார் லென்ஸின் புருஷன்.

உயிர் பிழைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கை நடுங்கியது, அந்த நடுக்கம் நிற்கவே இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. குழாயில் மரை சுற்றுகிற கை, சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்பட்டது.

விசில்காரர் பண்ணை முதலாளியிடம் ஒரே கதையைத்தான் சொன்னார். வண்டு வந்திருக்கிறது, அடித்துவிடுங்கள் என்று முந்தின நாளே சொன்னது லென்ஸ்தான், அவள் பேச்சை நம்பித்தான் அடித்தேன் என்றார். மருந்தடித்த ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு மறுநாளும் விசில் சத்தத்துக்குத்தான் வேலைக்கு வர வேண்டும்.

லென்ஸ் ஐந்தாம் கூடாரத்துக்குப் போய்த் தரையில் செத்துக் கிடந்த குஞ்சுகளைப் பொறுக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வந்தாள். இவை நான் விட்ட பூச்சி, நானே வளர்த்ததைக் கொல்லச் சொல்வேனா என்று முதலாளியிடம் கேட்டாள். பூதக்கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு வண்டு மாதிரிதாம்மா தெரியுது," என்றார்.

அதோடு அந்த வேலை போயிற்று.

வேலை போனதைவிட வீட்டில் நடந்ததுதான் அவளை அரித்தது. புருஷனைப் பெற்ற அம்மா அவர்களோடுதான் இருந்தாள். மகனுக்கு இப்படி ஆன பிறகு அந்த அம்மாள் மருமகளோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள். இவள் தொட்ட பாத்திரத்தை இன்னொரு முறை கழுவினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பூச்சி பூச்சின்னு படிச்சவ சொன்ன ஒரு வார்த்தை, என் புள்ளையைப் படுக்க வச்சிடுச்சு," என்று சொன்னாள். லென்ஸ் முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள், பிறகு அழுது பார்த்தாள், அதற்கப்புறம் இரண்டையும் விட்டுவிட்டாள். புருஷன் நடுவில் பேசுவார், ஆனால் மூச்சு வாங்குகிறவர் எவ்வளவு பேசுவார்.

சில வருஷம் கழித்துச் சங்கத்தில் வேலை கிடைத்தது. சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். லென்ஸ் தோட்டம் தோட்டமாகப் போய் இலையைத் திருப்பிப் பார்த்து, எதை அடிக்கலாம் எதை விடலாம் என்று சொல்வாள். எங்களுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. காய் அழுகி வந்தால் திட்டாமல் காரணம் சொல்லுகிற ஒரே ஆள் அவள்தான்.

அப்போதுதான் விசில்காரர் வந்து சேர்ந்தார். பழைய முதலாளியோடு ஏதோ மனத்தாங்கல். எங்கள் தோட்டங்களுக்கு நடுவே தண்ணீர் வசதியுள்ள நல்ல நிலமாகப் பார்த்து வாங்கித் தக்காளி போட்டார். கழுத்தில் விசில் இல்லை, குரல் மட்டும் அப்படியே இருந்தது. வந்த மறு வருஷமே சங்கத் தலைவரும் ஆகிவிட்டார். நன்றாகப் பேசுவார், அதிகாரிகளோடு சிரித்துக் கை குலுக்குவார், எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

வந்த புதிதில் லென்ஸை முதல் தடவை சங்க அலுவலகத்தில் பார்த்தபோது அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "என்னம்மா, நல்லா இருக்கீங்களா? வீட்டுக்காரருக்கு இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று அவள் பதில் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு கூடை பீன்ஸை ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டுக்கொண்டே எனக்கு முழுக் கதையையும் சொன்னாள். நல்ல பீன்ஸ். நான் தடுக்கவில்லை.

"அவர் என்னைப் பாத்து பயந்திருந்தாக்கூட விட்டிருப்பேன். மறந்தே போயிட்டார். அதுதான் தாங்கல," என்றாள்.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் அப்போது தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அவள் அவரைப் பார்க்கிற பார்வை மாறியது. இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாளே, அந்தப் பார்வை.

விசில்காரர் அவளைத் தன் தோட்டத்துக்குள் விடவில்லை. பூச்சி பற்றி எனக்குத் தெரியாதா, அந்தம்மா மற்றவர்களைப் பார்க்கட்டும் என்று செயலாளர் மூலமாகச் சொல்லியனுப்பினார். இத்தனைக்கும் இப்போது அவர் மருந்துக்கு எதிரி ஆகியிருந்தார். மருந்தில்லாத தக்காளிக்கு நல்ல கிராக்கி, வாங்குகிற கம்பெனிக்காரர் அவரைத் தேடி வந்து ஒப்பந்தம் போட்டிருந்தார். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று கூட்டத்துக்குக் கூட்டம் விளக்கம் சொல்லுவார். லென்ஸ் அந்தக் காலத்தில் பண்ணையில் சொன்ன வார்த்தைகள் அதிலே அப்படியே வரும். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் அது நடந்தது. தக்காளி பூத்துப் பிஞ்சு பிடித்திருந்த சமயம். தலைவர் ஒரு தக்காளி இலையை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். இலைக்கு அடியில் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த உருண்டைப் பொடிப்பூச்சிகள், நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கொத்து. அழகாகத்தான் இருந்தன.

இது பொறிவண்டுக் குஞ்சு என்றார். செடிச் சாற்றை உறிஞ்சுகிற அசுவினியைத் தின்கிற, நமக்கு நன்மை செய்கிற வண்டு. என் தோட்டம் முழுக்க வந்து இறங்கியிருக்கிறது, மருந்தடிக்காமல் விட்டதற்குக் கிடைத்த பலன். யார் தோட்டத்தில் பார்த்தாலும் தொடாதீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

லென்ஸ் என் பக்கத்தில் இருந்தாள். இலை எங்களுக்கு நேராகத் திரும்பியபோது அவள் பாதி எழுந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது. தலைவர் அவளைப் பார்த்து, "நீங்க சிரமப்பட வேணாம்மா, இது நானே கண்டுபிடிச்சது," என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"பொறிவண்டோட குழந்தையை நீ பாத்ததில்ல. நீளமா, முதலைக்குட்டி மாதிரி இருக்கும். இது பச்சை நாத்தப்பூச்சியோட குஞ்சு. காயைக் குத்திச் சாறு குடிக்கும். இன்னும் கொஞ்ச நாள்ல சிறகு முளைச்சா பிடிக்க முடியாது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட?"

நான் அவளை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் காலையிலிருந்து அவள் ஒவ்வொரு தோட்டமாகப் போனாள். மேற்கே கத்தரி போட்டிருந்த அண்ணன் தம்பிகள், வாய்க்கால் ஓரத்தில் பீன்ஸ் போட்டிருந்த கைம்பெண், தலைவர் நிலத்துக்கு வேலிக்கு வேலி ஒட்டியிருந்த பழைய பஸ் டிரைவர், எல்லாரிடமும் போனாள். இலைக்கு அடியில் சின்னப் பீப்பாய்களை அடுக்கி வைத்த மாதிரி முட்டை இருக்கும், கிள்ளி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள் என்றாள். குஞ்சுக் கொத்தைக் கண்டால் இலையோடு முறித்து வாளியில் முக்குங்கள் என்றாள். வேலி ஓரத்தில் கடுகு விதைக்கச் சொன்னாள். பறந்து வருகிற பூச்சி முதலில் அதிலே உட்காரும், விடியற்காலையில் உலுக்கிப் பிடித்துவிடலாம் என்றாள். பூதக்கண்ணாடியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து ஊசியைக் காட்டினாள். தலைவர் பொறிவண்டு என்றாரே என்று டிரைவர் கேட்டார்.

"அவர்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம். பெரிய மனுஷர், மனசு கஷ்டப்படும்," என்றாள்.

டிரைவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் வாளியை எடுத்து வந்தார். தலைவர் தன் நிலத்துக்காக டிரைவரின் வரப்பை ஒரு முழம் நகர்த்தியிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். பீன்ஸ்கார அம்மாளுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. ஆளுக்கு ஒன்று இருந்தது. அதனால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒருவர் காதுக்கு மட்டும் போகவில்லை. தலைவர் தினமும் தன் தோட்டத்தில் உலாத்தி, பொறிவண்டு நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். வண்டு வளராது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

லென்ஸ் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகும்போது நேர் வழியை விட்டுவிட்டு அவர் வேலியைச் சுற்றிப் போனாள். சைக்கிளை நிறுத்தி உள்ளே பார்ப்பாள். குஞ்சுகள் பச்சை பிடித்து, முதுகில் சிறகு மொட்டு வைத்து, ஒரு நாள் முழுப் பூச்சியாகி எழுந்து பறப்பதை அவள் வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்தாள். வளர்த்த பிள்ளை நடை பழகுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

தலைவரின் முதல் தக்காளி லோடு கொட்டகைக்கு வந்தபோது பெட்டியைத் திறந்தவள் நான்தான். தக்காளி சிவந்திருந்தது, ஆனால் தோல் முழுக்க வெளிறிய நட்சத்திரப் புள்ளிகள். ஒன்றை வெட்டினேன். புள்ளிக்குக் கீழே சதை வெள்ளைத் தக்கையாக இறுகியிருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பினேன். பெட்டி முழுக்க அந்தப் பூச்சியின் நாற்றம். கம்பெனிக்காரர் இன்னும் நாலு பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். பக்கத்து நிலத்து பஸ் டிரைவரின் தக்காளியை அன்றைக்கே வேறொருவர் எடுத்துக்கொண்டார். அதைத் தலைவர் நின்று பார்த்தார்.

அவர் நேராக லென்ஸின் அறைக்குப் போனார். கொட்டகையின் பின்பக்கம், ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஜன்னலோரம் குப்பிகள். தட்டி மறைப்புதான், பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்கும். கையில் கொண்டுவந்த பச்சைப் பூச்சியை மேசைமேல் போட்டு இது என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். இது எங்கிருந்து வந்தது என்றார். நீங்கள் கூட்டத்தில் காட்டிய குஞ்சு வளர்ந்தால் இதுதான் என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் உட்காருகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"இலையைத் தூக்கிக் காட்டினீங்களே, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தீங்களா?"

"நீங்க வண்டுன்னு சொன்னீங்க. நீங்க வண்டுன்னு சொன்னதை இல்லைன்னு சொல்லி நான் ஒரு தடவை பாத்துட்டேன். யாரும் நம்பல."

அவர் கத்தினார். வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார். தூக்குங்கள் என்றாள். உங்கள் தோட்டத்துக்கு நான் வரக்கூடாது என்று சொல்லியனுப்பியது நீங்கள்தானே, செயலாளரைக் கூப்பிடட்டுமா என்றாள். அப்புறம் அவர் குரல் இறங்கியது. இன்னும் பாதிச் செடியில் காய் நிற்கிறது, எதையாவது காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டார்.

சொல்கிறேன், அதற்கு முன்னால் நீங்கள் என் வீட்டுக்கு வர வேண்டும் என்றாள். அன்றைக்குக் கூடாரத்தில் வண்டு என்று சொன்னது யார் என்று என் மாமியாரிடம் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் அன்று மாலையே போனார். அவள் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, அப்புறம் நான் கனவு கண்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்றாள்.

சின்ன வீடு. முன்னறையில் கட்டில், அதில் அவள் புருஷன் சாய்ந்திருந்தார். மாமியார் ஜன்னலோரம் பழைய புடவையை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். தலைவரைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினாள், எழுந்திருக்கவில்லை. அவர் உட்காரவும் இல்லை. கதவருகில் நின்றபடியே, ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். வண்டு என்று சொன்னது நான்தான், இந்தம்மா அன்றைக்கு ஊரிலேயே இல்லை, அடிக்கச் சொன்னதும் நான்தான் என்றார்.

கட்டிலில் இருந்தவர்தான் முதலில் பேசினார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

"விசில் ஏன் ஊதல?"

தலைவர் அவர் கைகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கழுத்துல இல்ல. காலையில சட்டையை மாத்தினப்ப வீட்லயே விட்டுட்டேன். மறந்துட்டேன்."

அவ்வளவுதானா என்பது போல அவள் புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷமும் அவர் அதற்கு என்னென்ன காரணமோ நினைத்து வைத்திருந்திருப்பார். அதில் எதுவும் இவ்வளவு அற்பமாக இருந்திருக்காது.

லென்ஸ் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஒரு தோட்டத்தையே அழிய விட்டிருந்தாள். மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எனக்குத் தெரியும்," என்றாள்.

லென்ஸுக்கு முதலில் புரியவில்லை. என்ன தெரியும் அத்தை என்று கேட்டாள். பல வருஷம் கழித்து அவள் அந்த அம்மாளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. மாமியார் தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில மருந்தடிச்ச ஆளு ஒருத்தன் வந்து அழுதுட்டுச் சொல்லிட்டுப் போனான். நான் என்ன பண்ணட்டும்? இவரைத் திட்டணும்னா பண்ணைக் கேட்டைத் தாண்ட விடுவாங்களா? நீ வீட்ல இருந்தே. திட்டினா கேக்குற தூரத்துல நீதான் இருந்தே."

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. தலைவர்தான் முதலில் சுதாரித்து, தோட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று மெதுவாகக் கேட்டார். லென்ஸ் அவர் பக்கம் திரும்பியபோது அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் குரல் ஆடவில்லை.

"எல்லாத்தையும் பிடுங்கிருங்க. ஒரு செடி விடாம. குழி வெட்டிப் புதைச்சிருங்க. வேற வழி இல்ல."

அது பொய் இல்லை. அந்தக் கட்டத்தில் வேறு எந்த ஆலோசகரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அது உண்மையாகவே இருந்தது என்பதுதான் அவளுக்கு ரொம்பத் திருப்தி என்று பின்னால் சொன்னாள். அடுத்த நாள் ஆள் வைத்துப் பிடுங்கினார்கள். லென்ஸ் லீவு போட்டுவிட்டு டிரைவரின் வரப்பில் உட்கார்ந்து கடைசிச் செடி வரைக்கும் பார்த்தாள். டிரைவர் அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். விசில்காரர் அந்த வருஷமே நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊர் போனார், உரக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

மனசு ஆறியதா என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பெரிய தோட்டமா இருந்திருக்கலாம்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஆனால் அவளை உண்மையில் வாட்டியது தோட்டம் இல்லை. விசில்காரர் மேல் வைத்திருந்த பகைக்கு ஒரு நாள் வந்தது, முடிந்தது. மாமியார் மேல் அவளுக்கு அதுவரை பகையே இருந்ததில்லை. தெரியாமல் வெறுக்கிறாள், தெரிந்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷமும் அந்த வீட்டில் காலம் தள்ளியிருந்தாள். இப்போது அது போய்விட்டது.

மாமியார் அடுத்த வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். மகனால் தூக்க முடியாது. எல்லாம் லென்ஸ்தான். குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள், தலை வாரிவிட்டாள், மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பேசவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. மாமியார் ஏதாவது கேட்டால் செய்வாள், பதில் வராது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் புருஷனைப் பார்த்துச் சொல்வாள், அவர் அம்மாவிடம் திருப்பிச் சொல்வார். நடுவில் ஒரு தபால்காரன் உத்தியோகம் கிடைத்திருக்கிறது எனக்கு என்று அவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார்.

போன மாதம் நான் பார்க்கப் போயிருந்தபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லென்ஸ் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "அவளை ஒரு தடவை என்னைத் திட்டச் சொல்லேன். வாய்க்கு வந்தபடி திட்டட்டும். நான் பண்ணதுக்கு நாலு வார்த்தை கேட்டுட்டா நிம்மதியாப் போய்ச் சேருவேன்," என்றாள்.

நான் பின்கட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். லென்ஸ் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு பேருமாக முறுக்கினோம், தண்ணீர் கொட்டியது.

"திட்டினா அத்தைக்கு மனசு லேசாயிடும். அதான் திட்டல," என்றாள்.

பிறகு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். ஓரங்களைச் சமமாக இழுத்துவிட்டுக் கிளிப் மாட்டினாள். உள்ளே மாமியாருக்கு மாத்திரை நேரம் ஆகியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.